குளிர்காலச் சினூக் ட்ரோலிங், ஹவ் சவுண்ட் – போவன் தீவு: ஆழம், வேகம், லீடர் நீளம்

#1 பர்னபிப்படகு

வணக்கம். கோடையில் சினூக், கோஹோ சால்மன் மீன்கள் பிடித்துப் பழக்கம், குளிர்காலம் இதுதான் முதல் தடவை. இப்போது செய்வதை அப்படியே எழுதுகிறேன், தப்பு எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள்.

படகு 17 அடி. இரண்டு மின் டவுன்ரிகர் (குண்டு கட்டிய கம்பியால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி), எஃகுக் கம்பி, 10 பவுண்ட் குண்டு. வான்கூவர் பக்கம் ஹார்ஸ்ஷூ பேயில் இறங்கி போவன் தீவின் தெற்குப் பக்கம். குண்டு 60 முதல் 80 அடி ஆழத்தில். 11 அங்குல ஃப்ளாஷர் (சுழன்று பளபளத்து மீனைக் கூப்பிடும் தகடு), அதற்குப் பின்னால் கொக்கி வரை 6 அடி லீடர் நரம்பு, பச்சை ஹூச்சி (பிளாஸ்டிக் கணவாய் இரை). ஜி.பி.எஸ்.ஸில் 2.5 நாட், எந்தத் திசையில் போனாலும் அதே 2.5. டிசம்பரில் மூன்று நாள் சேர்த்து 14 மணி நேரம், ஒரு கடி கூட இல்லை.

#2 உப்புத்தண்ணி

தம்பி, 60–80 அடி எண்டது ஆகஸ்ட் மாத ஆழம். அப்ப வாறது ஃபிரேசர் ஆத்துக்குள்ள ஏறப்போற பெரிய மீன். அது நடுத்தண்ணியில போய்க்கொண்டே இருக்கும். இப்ப நிக்கிறது முட்டை போட இன்னும் ஒண்டு ரெண்டு வருசம் கிடக்கிற இளம் மீன், இஞ்ச 'விண்டர் ஸ்பிரிங்' எண்டு சொல்லுறது இதைத்தான். 5 தொடக்கம் 12 பவுண்ட் வரும், இடைக்கிடை அதுக்கு மேலயும் வரும். அதுக்கு ஆத்துக்குப் போற அவசரம் இல்லை. இருக்கிற ஒரே வேலை தின்னுறதுதான்.

தீனி எங்க கிடக்கோ மீன் அங்க. பகலில ஹெர்ரிங் எண்ட சின்ன மீன் ஆழத்தில இறுகித் திரண்டு நிக்கும். சாண்ட் லான்ஸ், இஞ்ச எல்லாரும் 'நீடில்ஃபிஷ்' எண்டுவினம், மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்து எழும்புற சாதி. ரெண்டும் தரையோட சேர்ந்த தீனி. அதால ஆழம் காட்டுற சவுண்டரில தரை 120 தொடக்கம் 180 அடி காட்டுற இடத்தைப் பிடிச்சு, அந்த ஆழக்கோட்டை விடாமல் ஓடுங்கோ. குண்டு தரைக்கு மேல 3 தொடக்கம் 6 அடி. பத்து அடி மேல போனால் கடி குறையும். இருபது அடி மேல ஓடினால் அதுகளின்ர கண்ணிலயே படாது.

கரையில இருந்து நேரா வெளிய ஓடுறதும் திரும்பி வாறதுமா இருந்தால் குண்டு சரியான உயரத்தில நிக்கிறது ஒவ்வொரு சுத்திலயும் ஒரு நிமிசம்தான். சரிவுக்கு வாக்கா, கரையோட சமாந்தரமா ஓடுங்கோ. தரை திடீரெண்டு எழும்புற திட்டு, முனை திரும்புற மூலை, இதுகளில தீனி ஒதுங்கும். அங்க சவுண்டரில தரையோட ஒட்டின மேகம் மாதிரிக் கண்டால் விலகாதேங்கோ. திரும்பத் திரும்ப அதுக்கு மேலால போங்கோ.

ஹூச்சிக்கு 6 அடி லீடர் கூடவே கூடாது. அதை நெத்தலி வடிவா எழுதுவார்.

#3 நீரோட்டம்

ஆழம் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் 10 பவுண்ட் குண்டை வைத்துக்கொண்டு 150 அடியில் தரையோடு ஓட்டுவது கஷ்டம். கம்பி பின்னால் சாய்ந்துவிடும், இறங்கிய கம்பியின் நீளத்தை அளக்கும் கணக்குமானி காட்டும் ஆழத்தில் குண்டு இருக்காது.

கணக்குமானியில் 160 அடி என்று வைத்துக்கொள்வோம். கம்பி செங்குத்துக்கு 30 பாகை சாய்ந்தால் குண்டு சுமார் 139 அடியில். 45 பாகை சாய்ந்தால் 113 அடியில்தான். அதாவது தரையைத் தொட்டு ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு 40 அடிக்கு மேலே ஓட்டிக்கொண்டிருக்கலாம். 15 பவுண்டுக்கு மாறுங்கள். குளிர்காலத்துக்கு 12 பவுண்ட் குறைந்தபட்சம், அதுவும் நீரோட்டம் மெதுவாக இருக்கும் நாளில்.

அடுத்தது வேகம். எந்தத் திசையிலும் ஜி.பி.எஸ். 2.5 என்று பிடித்திருப்பதுதான் பெரிய பிசகு. ஜி.பி.எஸ். சொல்வது தரைக்கு மேல் படகின் வேகம். மீனுக்குத் தெரிவது தண்ணீருக்குள் ஸ்பூனின் (கரண்டி வடிவ உலோகப் பொய்யிரை) வேகம். 1 நாட் நீரோட்டம் கூடவே வந்தால் ஜி.பி.எஸ். 2.5 என்பது தண்ணீரில் வெறும் 1.5 நாட், ஃப்ளாஷர் சுழலாமல் ஆடி ஆடி வரும். அதே நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் 3.5 நாட், குண்டு மேலே எழும்பிவிடும். தண்ணீருக்குள் 2 முதல் 2.8 நாட் வேண்டும். அதைச் சொல்வது டவுன்ரிகர்க் கம்பியின் சாய்வும் தூண்டில் கம்பு நுனியும்தான். ஃப்ளாஷர் சரியாகச் சுழலும்போது கம்பு நுனி ஒரே தாளத்தில் துடிக்கும், நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை. தாளம் தளர்ந்தால் வேகம் போதவில்லை. நுனி இழுபட்டு அப்படியே நின்று நடுங்கினால் வேகம் அதிகம்.

படகை முதலில் நீரோட்டத்தோடு ஓட்டுங்கள். மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் ஒரு திசையில் கடித்த மீன் எதிர்த் திசையில் கடிக்காமல் போவது சகஜம். கடித்த ஓட்டத்தின் திசையையும் ஜி.பி.எஸ். வேகத்தையும் கம்பிச் சாய்வையும் மூன்றையும் குறித்துக்கொண்டு, சுற்றி வந்து அதே மாதிரி மறுபடி ஓட்டுங்கள்.

#4 சுக்கான்

நீரோட்டம் சொன்ன கணக்கில் ஒரு திருத்தம். கம்பி நேர்க்கோடாக இருந்தால்தான் அந்த எண்கள் பொருந்தும். உண்மையில் கம்பி வளைந்து தொங்கும். குண்டுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நிமிர்ந்தும், மேலே வர வர அதிகம் சாய்ந்தும் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் கம்பியை இழுக்கும் விசை மேலே வரும்போது கூடிக்கொண்டே போகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது மேல் நுனியின் சாய்வு, அதாவது இருப்பதிலேயே பெரிய சாய்வு. ஆக 30 பாகை தெரிந்தால் குண்டு 139 அடியைவிடக் கொஞ்சம் ஆழத்தில்தான் இருக்கும். தரையோடு ஓட்டும்போது இந்தச் சில அடிகள்தான் குண்டைத் தரையில் கொண்டுபோய் மோதவிடும்.

கணக்கை நம்புவதைவிட உங்கள் படகிலேயே அளந்துவிடலாம். நீர் நிற்கும் நேரத்தில், மணலோ சேறோ ஆன சமதளத்தில், எஞ்சினை நியூட்ரலில் வைத்துக் குண்டைத் தரை தொடும் வரை இறக்குங்கள். சவுண்டர் 150 காட்டும்போது கணக்குமானி 153 காட்டினால் அந்த 3 அடி நிலையான பிழை. குண்டு தண்ணீர் மட்டத்தைத் தொடும்போது கணக்குமானியைப் பூஜ்யமாக்காததால் வருவது. பிறகு ட்ரோலிங் வேகத்தில் ஓட்டி மறுபடி தரை தொடும் வரை இறக்குங்கள். இப்போது 172 காட்டினால், அந்தக் குண்டுக்கும் அந்த வேகத்துக்கும் சாய்வால் வரும் வித்தியாசம் 19 அடி. 120, 150, 180 என்று மூன்று ஆழங்களுக்கு இப்படி எடுத்து டவுன்ரிகர் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. சவுண்டர் காட்டுவது படகுக்குக் கீழே உள்ள தரை. குண்டு 60 முதல் 80 அடி பின்னால் வருகிறது. 2.5 நாட் என்பது நொடிக்கு 4.2 அடி, ஆகவே சவுண்டரில் பார்க்கும் மேட்டைக் குண்டு 14 முதல் 19 நொடி கழித்துத்தான் சந்திக்கும். தரை எழும்பும்போது பதறாமல் 10 நொடி எண்ணிவிட்டு ஏற்றத் தொடங்கினால் போதும். இறங்கும்போதும் அப்படியே; உடனே இறக்கினால் மேட்டின் முதுகில் குண்டு இடிக்கும்.

#5 பர்னபிப்படகு

மிக்க நன்றி. நான் தவறவிட்டதே இந்தச் சாய்வுதான். 15 பவுண்ட் குண்டு வாங்கிவிடுகிறேன். ஆனால் தரையோடு ஓட்டினால் பாறையில் மாட்டாதா? 17 அடிப் படகில் பின்பக்கம் கீழே இழுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

#6 உப்புத்தண்ணி

பயப்பிடுறது நியாயம். இதில உயிர் சம்பந்தப்பட்டது ஒண்டு இருக்கு, ஆறுதலா வாசியுங்கோ.

டவுன்ரிகரின்ர கிளட்ச்சை இறுக்கிப் பூட்டக் கூடாது. குண்டைத் தூக்க வேணும், ஆனால் கையுறை போட்ட கையால கம்பியைப் பலமா இழுத்தால் வழுக்கிக் குடுக்க வேணும். அந்த அளவு. கிளட்ச் இறுகி, குண்டு பாறையில மாட்டி, நீரோட்டமும் பின்னால தள்ளினால் படகின்ர பின்புறம் தண்ணிக்குள்ள போகும். சின்னப் படகுக்கு அது விளையாட்டில்லை. கம்பி வெட்டுற குறடு டவுன்ரிகருக்குப் பக்கத்தில, கைக்கு எட்டுற இடத்தில கட்டித் தொங்கவேணும். பெட்டிக்குள்ள இருந்தால் அது இல்லாத மாதிரித்தான்.

மாட்டிட்டுது எண்டால்: உடனே நியூட்ரல். கிளட்ச்சைத் தளர்த்துங்கோ, கம்பி ஓடட்டும். மற்றப் பக்கக் குண்டையும் தூண்டில்களையும் மேல எடுங்கோ. பிறகு வந்த வழியே திரும்பி, மாட்டின இடத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் அங்க இருந்து இழுங்கோ. மாட்டின திசைக்கு எதிரா இழுத்தால் பெரும்பாலும் கழரும். கழராட்டி வெட்டுங்கோ. ஒரு குண்டுதானே.

இனித் தரையைத் தொட்டு ஓட்டுற முறை. மணல், சரளை, சேறு உள்ள தரையில மட்டும். குண்டைத் தொடும் வரைக்கும் இறக்குங்கோ. தொட்ட உடன டவுன்ரிகர்க் கை ஒரு துள்ளுத் துள்ளும், கம்பி ஒரு கணம் தளரும், கம்பு நுனி குனிஞ்சு நிமிரும். அந்தக் கணத்திலேயே 4 அடி ஏத்துங்கோ. ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா இதையே செய்யுங்கோ. குண்டு தரையில இடிச்சுக் கிளப்புற புழுதியே மீனைக் கூப்பிடும், நீடில்ஃபிஷ் மணலைக் கிளப்பிக்கொண்டு எழும்புறது மாதிரி. தொட்டு ஏத்தின முதல் அரை நிமிசத்திலதான் நிறையக் கடி விழும்.

தூண்டில் நரம்பைக் குண்டுக் கம்பியோட பிடிச்சிருந்து மீன் கடிச்சால் விடுற கிளிப் இருக்கெல்லோ, அதில இருந்து ஃப்ளாஷர் வரைக்கும் 15 தொடக்கம் 20 அடி. மேல் தண்ணியில ஓட்டுறது போல 40, 50 அடி விட்டால், திரும்பும்போது வேகம் குறைஞ்சு ஃப்ளாஷர் குண்டைவிடக் கீழ போய்த் தரையில மாட்டும். ஆழம் கூடக் கூட இந்தத் தூரத்தைக் குறையுங்கோ.

#7 சுக்கான்

எல்லோரும் கவனிக்கவும், தரையைத் தொட்டு ஓட்டும் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஹவ் சவுண்டில் கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள் உள்ளன. உயிரோடு வளரும் இத்தகைய திட்டுகள் உலகில் மிகச் சில இடங்களில்தான் இருக்கின்றன. அவை வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன, ஒரு குண்டு இடித்தால் நொறுங்கிப்போகும். 2019 முதல் அவற்றைச் சுற்றி, தரையைத் தொடும் எல்லா மீன்பிடிப்புக்கும் தடை இருக்கிறது. இறால், நண்டுக் கூடுகளோடு சால்மனுக்கு டவுன்ரிகர் போடுவதும் அந்தத் தடையில் அடங்கும். பின்னால் மேலும் சில திட்டுகளையும் சேர்த்தார்கள்.

இதைத் தவிர ராக்ஃபிஷ் என்ற பாறை மீனுக்கான பாதுகாப்புப் பகுதிகள். பிரிட்டிஷ் கொலம்பியாக் கடற்கரையில் மொத்தம் 164 இருக்கின்றன. ஹவ் சவுண்டுக்குள்ளேயே போயர் தீவு, பாம் ராக்ஸ், லயன்ஸ் பே என்று பல. அவற்றுக்குள் கொக்கி போட்டு எந்தத் துடுப்புள்ள மீனையும் பிடிக்கவே கூடாது, சால்மன் ட்ரோலிங்கும் அதில் சேர்த்தி. 'நான் ராக்ஃபிஷ் பிடிக்கவில்லையே' என்ற வாதம் எடுபடாது. மீன்வளத் துறையின் வரைபடத்தைப் பார்த்து இந்த எல்லைகளை எல்லாம் வீட்டிலேயே பிளாட்டரில் (படகின் வரைபடக் கருவி) கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடலில் போய்த் தேடினால் நேரமிருக்காது.

எல்லைக்கு வெளியேயும் தரையோடு ஓட்டினால் ராக்ஃபிஷ் மாட்டத்தான் செய்யும். 150 அடியிலிருந்து மேலே வந்ததும் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியாகப் பிதுங்கி, மேலேயே மிதக்கும். அப்படியே விட்டால் சாகும். வைத்துக்கொள்ளாத ராக்ஃபிஷைப் பிடித்த ஆழத்துக்கே திரும்ப இறக்கிவிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. இறக்கிவிடும் கருவி படகில் தயாராக இருக்கட்டும். டவுன்ரிகர் குண்டில் மாட்டியே இறக்கலாம்.

#8 நெத்தலி

லீடர் நீளத்துக்கு வருகிறேன். இதில் எண்களைவிடக் காரணம் தெரிந்தால் பிறகு தானாக வரும்.

ஹூச்சி ஒரு பிளாஸ்டிக் கணவாய். தண்ணீரில் இழுத்தால் நேராக வரும், தானாக ஒரு அசைவும் கிடையாது. ஃப்ளாஷர் சுழன்று வெட்டும் வெட்டுத்தான் அதை ஆட்டிவைக்கிறது. லீடர் நீளமானால் அந்த வெட்டு நரம்பிலேயே கரைந்துபோகும். அதனால் 30 முதல் 38 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். நரம்பும் தடிமனாக, 40 பவுண்டாவது; விறைப்பான நரம்புதான் வெட்டைக் கொக்கி வரை கொண்டுபோகும். உங்கள் 6 அடி லீடரில் ஹூச்சி செத்த மீன் போல வந்திருக்கும்.

ஸ்பூனுக்குத் தன் அசைவு உண்டு. ஃப்ளாஷர் அதை ஓயாமல் பிடுங்கிக்கொண்டிருந்தால் அந்த அசைவு கெடும். ஆகவே 5 முதல் 6 அடி, 30 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் நரம்பு. இரைமீனுக்கு 6 அடி.

குளிர்காலத்தில் புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்பூன்தான் என் சிபாரிசு. 3 முதல் 4 அங்குலம். கோடையில் போடும் 5 அங்குலத்தை எடுத்து வையுங்கள், இப்போதைய தீனி சிறியது. நீடில்ஃபிஷ் இருக்கும் இடத்தில் ஸ்கின்னி ஜி, கோஹோ கில்லர் போன்ற ஒல்லி ஸ்பூன்; ஹெர்ரிங் என்றால் கிங்ஃபிஷர், கொயோட்டி போன்ற அகலமானவை. 150 அடியில் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் சாம்பலாகிவிடும். பச்சை, வெள்ளை, இருட்டில் ஒளிர்வது, இவைதான் எடுபடும். 'ஐரிஷ் கிரீம்' நிறம் ஒன்றை எப்போதும் ஒரு பக்கம் வைத்திருங்கள். ஒளிரும் ஸ்பூனை இறக்குமுன் டார்ச்சில் சில நொடி காட்டுங்கள். மேகமூட்டமான ஜனவரிக் காலையில் வெளிச்சம் போதாது.

முதல் மீன் கிடைத்ததும் இரைப்பையைக் கீறிப் பாருங்கள். விரல் நீள நீடில்ஃபிஷ் நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும், அல்லது பாதி கரைந்த ஹெர்ரிங். அதன் நீளத்தை ஸ்பூன் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு அடுத்த ஸ்பூனைத் தேர்ந்தெடுங்கள்.

இரைமீன் ஓட்ட விரும்பினால் ஆங்சோவி, நம் ஊர் நெத்திலியின் பெரிய உறவு. 5 அங்குல அளவு. முந்தின இரவே கல்லுப்பில் போட்டு இறுக வையுங்கள். இறுகாத மீன் ஒரு மணி நேரத்தில் வயிறு கிழிந்துவிடும். தலையை டீசர் ஹெட் என்ற பிளாஸ்டிக் தலைக்கவசத்துக்குள் முழுதாகத் தள்ளி, பக்கத்துத் துளை வழியே பல்குத்தியைக் குத்தி, வெளியே நீட்டுவதை ஒடித்துவிடுங்கள். உள்ளிருக்கும் கம்பி முதுகெலும்போடு போகவேண்டும். கொக்கியை முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் மாட்டி, உடல் லேசாக வளையும்படி நரம்பை இழுத்துப் பிடியுங்கள். இறக்குமுன் படகோரத்தில் இழுத்துப் பாருங்கள்: துளைபோடும் ஊசி போல இறுகிய சுழல் வேண்டும். அகலமாக வட்டமடித்தால் வால்பக்கக் கம்பியை இன்னும் கொஞ்சம் வளையுங்கள். மணிக்கு இருமுறையாவது எடுத்துப் பார்க்கவேண்டும்; தலை கழன்ற இரையை இரண்டு மணி நேரம் இழுத்துக்கொண்டு போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தப்பு.

#9 வாடை

நெத்தலி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஃப்ளாஷரில் மட்டும் வேறு கருத்து. 6 பவுண்ட் மீனைக் கம்பில் மாட்டி, அதோடு 11 அங்குல ஃப்ளாஷரையும் இழுத்தால் மீன் இருப்பதே தெரியாது. ஃப்ளாஷரைக் குண்டின் பின்பக்கம் 10 அடிக் கயிற்றில் கட்டிவிட்டு, தூண்டிலை அதற்கு 5 அடி மேலே கிளிப்பில் பிடித்து, ஃப்ளாஷர் இல்லாமல் ஸ்பூனை மட்டும் ஓட்டுங்கள். மீனைக் கூப்பிடும் பளபளப்பும் இருக்கும், சண்டையும் இருக்கும்.

#10 நெத்தலி

ஸ்பூனுக்கும் ஆங்சோவிக்கும் சரி. ஹூச்சிக்குக் கிடையாது, மேலே சொன்ன காரணமேதான், வெட்டு இல்லாவிட்டால் அசைவு இல்லை. தவிர, தரையைத் தொட்டு ஓட்டும்போது குண்டில் கட்டிய ஃப்ளாஷர்தான் முதலில் தரையில் இழுபடும். குண்டு தரைக்கு மேல் 8 அடி இருந்தால் நீங்கள் சொல்லும் முறை நன்றாக வேலை செய்யும்.

#11 சியாட்டில்சேரன்

எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் இதே மீன்தான், பெயர் மட்டும் வேறு. ஈறு கறுப்பு என்பதால் பியூஜெட் சவுண்டில் 'பிளாக்மவுத்' என்பார்கள். பொசஷன் பார், போர்ட் டவுன்சென்டுக்கு வெளியே மிட்சேனல் பேங்க், ஜெஃபர்சன் ஹெட் எல்லாம் பெயர்பெற்ற இடங்கள். முறையும் இதேதான்: தரை, சின்ன ஸ்பூன், நீரோட்டத்தோடு ஓட்டம்.

சட்டம்தான் வேறு, இரண்டு பக்கமும் போய்வருபவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாஷிங்டனில் கொக்கி ஒற்றை முனையாகவும் எதிர்முள் இல்லாமலும் இருக்கவேண்டும். பியூஜெட் சவுண்டில் குறைந்தபட்சம் 22 அங்குலம், வால் நுனி வரை அளக்க வேண்டும். கனடாவில் வாலின் கவட்டை வரை. வாஷிங்டனில், முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால்தான் மீனை எடுக்கலாம். அது பொரிப்பகத்து மீன் என்பதற்கு அடையாளம். துடுப்பு இருந்தால் இயற்கை மீன், படகுக்குள்ளேயே ஏற்றக்கூடாது. பியூஜெட் சவுண்ட் சினூக் 1999 முதல் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. பருவ நாட்களை மாநிலமும் ஒப்பந்தப் பழங்குடிகளும் ஆண்டுதோறும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள், ஒதுக்கீடு தீர்ந்தால் நடுவிலேயே மூடுவார்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்கள் முன்பைவிட மிகவும் சுருங்கிவிட்டன. கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

#12 வாடை

காற்றையும் நீரையும் பற்றி யாரும் எழுதவில்லை. குளிர்காலத்தில் மீனைவிட இதுதான் முதலில்.

ஹவ் சவுண்டில் பயப்பட வேண்டியது ஸ்க்வாமிஷ் காற்று. உள்நாட்டில் தேங்கிய ஆர்க்டிக் குளிர்க்காற்று ஸ்க்வாமிஷ் பள்ளத்தாக்கு வழியாகப் புனலில் ஊற்றியது போல இறங்கும். வானம் பளிச்சென்று நீலமாக, மழையில்லாமல், ஆசையைத் தூண்டும் நாளில்தான் வரும். ஹார்ஸ்ஷூ பே துறையில் அமைதியாக இருக்கும். முனையைத் தாண்டியதும் எதிரே வெள்ளை அலை. கிளம்புமுன் பாம் ராக்ஸ் காற்றளவைப் பாருங்கள். வடகாற்று 15 நாட் தாண்டினால் 17 அடிப் படகுக்கு அது நாள் இல்லை. ஜார்ஜியா நீரிணைப் பக்கம் போவதானால் ஹாலிபட் பேங்க் மிதவை, எண் 46146, அலை உயரமும் சொல்லும்.

தண்ணீர் 7, 8 பாகை செல்சியஸ். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் ஏறவேண்டும். ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். இவை எல்லாம் மிதவை அங்கி போட்டவருக்குத்தான். போடாதவருக்கு முதல் நிமிடமே கடைசி நிமிடம் ஆகலாம். மிதக்கும் முழு உடை, எஞ்சின் நிறுத்தும் கயிறு இடுப்பில், வி.எச்.எஃப். ரேடியோ 16ஆம் சேனலில், பின்பக்கம் ஏற ஏணி. டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது, நாலேகாலுக்கு இருட்டு. மூன்றரைக்குத் துறையில் இருங்கள்.

நீரேற்றத்துக்கு பாயின்ட் அட்கின்சன் அட்டவணை. இந்தப் பக்கத்தில் ஒரு விசேஷம்: கோடையில் பெரிய வற்றம் நடுப்பகலில் வரும், குளிர்காலத்தில் நள்ளிரவை ஒட்டி. அதனால் குளிர்காலப் பகலில் நீர் உயரமாகவே இருந்து சின்ன ஏற்ற இறக்கம்தான் காட்டும். 15 பவுண்ட் குண்டை 150 அடியில் நிமிர்த்தி வைக்க அது நமக்குச் சாதகம். நீர் திரும்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் கரைக்கு வரும் யோசனை வேண்டாம். சாப்பாடு, காபி எல்லாம் அதற்கு முன்பே முடியட்டும்.

#13 பர்னபிப்படகு

இவ்வளவையும் அச்செடுத்துப் படகில் வைக்கப்போகிறேன். ஒரு சந்தேகம்: சின்ன மீன் மாட்டினால் கிளிப்பிலிருந்து நரம்பு விடுபடாது என்கிறார்களே, எப்படித் தெரிந்துகொள்வது?

#14 உப்புத்தண்ணி

ஓம், அது உண்மை. 40 சென்டிமீட்டர்க் குஞ்சு 15 பவுண்ட் குண்டுக்குப் பக்கத்தில தொங்கினால் கிளிப் அசையவே அசையாது. நீங்கள் ஒரு மணித்தியாலம் அதை இழுத்துக்கொண்டு திரிவீங்கள். அது மூச்சுத் திணறிச் செத்துப்போகும், உங்கட கொக்கியும் அவ்வளவு நேரம் வீண்.

கம்பு நுனியைப் பாருங்கோ. நீரோட்டம் சொன்ன அந்தத் தாளம் இருக்கெல்லோ, அது திடீரெண்டு நிண்டால், இல்லாட்டி ரெண்டு துடிப்பு, ஒரு நிறுத்தம், ஒரு துடிப்பு எண்டு குழம்பினால் ஏதோ கிடக்கு. குஞ்சு, இல்லாட்டி பாசி. உடனே எடுங்கோ. நரம்பைக் கிளிப்பின்ர விளிம்பில மட்டும் மெல்லிசாப் பிடிக்க விடுங்கோ, உள்ளுக்க தள்ளாதேங்கோ. ஒண்டும் தெரியாட்டிலும் 20 நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கிறது நல்லம்.

விடுற மீனை வலையில அள்ளவே வேண்டாம். இந்த வயது மீனுக்குச் செதிள் இறுகியிருக்காது, வலையிலயும் கையிலயும் கொட்டுண்டுபோகும். செதிள் போன மீன் நீந்திப் போனாலும் பிழைக்கிறது கஷ்டம். தண்ணிக்குள்ளேயே வைச்சு, வளைஞ்ச கம்பியை லீடர் வழியாக் கொக்கி மட்டும் இறக்கி, லீடரைக் கீழ பிடிச்சுக்கொண்டு கம்பியை மேல தூக்கினால் மீன் தன்ர பாரத்திலேயே கழண்டு விழும். எதிர்முள் இல்லாத கொக்கி எண்டால் ரெண்டு செக்கன் வேலை. கொக்கியை வாங்கின உடன குறட்டால எதிர்முள்ளை நசுக்கி, பழைய துணியில குத்தி இழுத்துப் பாருங்கோ. துணி மாட்டினால் இன்னும் நசுக்கவேணும்.

#15 சுக்கான்

எடுத்துக்கொள்ளும் மீனுக்கு: ஜார்ஜியா நீரிணையில் சினூக் குறைந்தபட்சம் 62 சென்டிமீட்டர், மூக்கிலிருந்து வால் கவட்டை வரை. அளவுப் பலகையைப் படகு விளிம்பிலேயே ஒட்டிவிடுங்கள். சினூக்கா கோஹோவா என்று சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள்: சினூக்கின் ஈறு கறுப்பு, வாலின் இரண்டு மடலிலும் புள்ளி. கோஹோவுக்கு ஈறு வெளுப்பு, மேல் மடலில் மட்டும் புள்ளி.

உப்புநீர் உரிமத்தோடு சால்மன் முத்திரையும் வேண்டும். பிடித்த உடனேயே உரிமத்தில் பதியவேண்டும், கரைக்கு வந்த பிறகு இல்லை. ஆண்டுக்கு 10 சினூக் என்பது 2019 முதல் வரம்பு, அதற்கு முன் 30. உரிம ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. ஃபிரேசர் சினூக்கைக் காக்க வசந்தம் முதல் கோடை நடுப்பகுதி வரை இந்தப் பக்கத்தில் சினூக் எடுப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறார்கள், அதனால்தான் குளிர்காலத்துக்கு இவ்வளவு மதிப்பு. நீங்கள் பிடிக்கும் மீன்பிடி உட்பகுதி எண்ணுக்கான மீன்வளத் துறை அறிவிப்பைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

கொழுப்புத் துடுப்பு வெட்டிய மீன் கிடைத்தால் தலையை எறியாதீர்கள். மூக்குக் குருத்தெலும்புக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளத்தில் குறியிட்ட கம்பித்துண்டு இருக்கலாம். அதிலிருந்துதான் எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று தெரிகிறது. தலை சேகரிக்கும் இடங்கள் பல படகுத்துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் இருக்கின்றன. இந்தத் தகவலை வைத்துத்தான் எந்த ஆற்று மீன் எங்கே பிடிபடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அடுத்த பருவம் நமக்குத் திறக்குமா என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

#16 நெத்தலி

பிடித்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்த உடன் செவுளை வெட்டி ரத்தம் வடியவிடுங்கள், குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். அறுத்துப் பார்த்துச் சதை வெள்ளையாக இருந்தால் கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். தீனியிலுள்ள சிவப்பு நிறமியைச் சதையில் சேர்க்காத சினூக்கும் உண்டு; ஹாரிசன் ஆற்று மீன் அப்படித்தான். குளிர்கால மீன் கொழுப்பு நிறைந்தது, குழம்பில் புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள். பச்சையாகச் சாப்பிடுவதானால் மைனஸ் 20 பாகையில் 7 நாள் உறையவைத்த பிறகுதான். சதையில் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

#17 பர்னபிப்படகு

15 பவுண்ட் குண்டு வாங்கியாயிற்று, 3.5 அங்குல ஸ்பூன் இரண்டு, ஹூச்சிக்குப் புது லீடர் 34 அங்குலம். கடைசியாக ஒன்று: கிளிப்பிலிருந்து ஃப்ளாஷர் வரை 15–20 அடி என்றீர்கள். என் ரீலில் கணக்குமானி இல்லை. குத்துமதிப்பாக விடலாமா?

#18 உப்புத்தண்ணி

குத்துமதிப்பு வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தால்தான் எந்தத் தூரத்தில கடிச்சது எண்டு பிறகு தெரியும். ஊரில கடல் ஆழத்தைப் பாகத்தில அளப்பினம், அதையே பாவியுங்கோ. ரெண்டு கையையும் முழுசா விரிச்சால் ஒரு பாகம், ஆறு அடி. ஃப்ளாஷரைத் தண்ணியில விட்டிட்டு, கம்பு நுனியில இருந்து மூண்டு பாகம் தங்கூசி (நரம்பு) எடுத்துவிட்டால் 18 அடி. அந்த இடத்தில கிளிப்பில பிடிச்சு, படகு ஓடிக்கொண்டிருக்கேக்கையே ஆறுதலா இறக்குங்கோ. குண்டைத் தொபுக்கெண்டு விட்டால் ஃப்ளாஷர் கம்பியில சுத்தும், பிறகு 150 அடியில சுத்தினது மேல எடுக்கும் வரைக்கும் தெரியாது. புது லீடரின்ர 34 அங்குலத்தை ஃப்ளாஷரின்ர வளையத்தில இருந்து கொக்கியின்ர வளைவு மட்டும் அளந்தனீங்களோ? முடிச்சுப் போட்டு இறுக்கின பிறகு ஒருக்கா அளந்து பாருங்கோ.